மீட்டர் தாளைக் கேட்டபோது: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் மின்சாரப் பாடம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் இயங்கும் ஒரு சிறு தொண்டு நிறுவனம் சில ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் ஆற்றல் கல்விக்கு உதவி வருகிறது. ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பு எடுப்பது அதன் வேலை இல்லை. பாடத்துக்கு வேண்டிய சாமான்களை வாங்கித் தருவது, ஆசிரியரோடு உட்கார்ந்து வகுப்புத் திட்டம் போடுவது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு களப்பணியாளரை அனுப்புவது, இவ்வளவுதான். நான் அங்கே ஆவணப் பொறுப்பில் இருக்கிறேன். இங்கே பதிவாவது 2022-23 கல்வியாண்டில் உசிலம்பட்டி வட்டாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் நடந்தது. பள்ளி, ஊர், ஆட்கள் யார் பெயரும் இதில் இல்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

ஊர் பாதி மானாவாரி, பாதி கிணற்றுப் பாசனம். வைகை அணையில் நீர்மட்டம் நன்றாக ஏறிய ஆண்டில்தான் 58 கிராமக் கால்வாயில் தண்ணீரைப் பார்க்க முடியும். மெயின் ரோட்டை ஒட்டி லைன் வீடுகள் இருக்கின்றன. கட்டட வேலை, மில் வேலை, சில்லறை வியாபாரம் என்று வந்து தங்கியவர்கள் அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். உள்ளே போனால் சொந்த வீடுகள், காலனி வீடுகள், சில குடிசைகள். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகப் போகிறது என்று தொடக்கத்தில் யாரும் நினைக்கவில்லை.

முதல் பருவம்: பெட்டியில் வந்த பாடம்

நன்கொடையாளர் கொடுத்த பணத்தில் ஒரு செயல்முறைப் பெட்டி வாங்கப்பட்டது. உள்ளங்கை அளவு சோலார் தகடு, அது சுற்றவைக்கும் சின்ன விசிறி, பிளாஸ்டிக் காற்றாலை, கையால் சுற்றினால் பல்பு எரியும் டைனமோ. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. கண்காட்சிக்கும் நன்றாக இருந்தது. இந்தப் பெட்டிகளைப் பற்றி எனக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் உண்டு: அவற்றில் எல்லாமே உடனே சுற்றும், உடனே எரியும், எதற்கும் அளவு கிடையாது.

பெட்டிக்கு வெளியே நடந்த பேச்சுதான் சுவையாக இருந்தது. பிளாஸ்டிக் காற்றாலையைப் பார்த்ததும் ஒரு பையன், ஆண்டிப்பட்டி பக்கம் இதைவிடப் பெரிசா நிக்குது, ஆடிக் காத்துல மட்டும் நல்லாச் சுத்தும் என்றான். காற்றாலை உற்பத்தி மே முதல் செப்டம்பர் வரைதான் உச்சத்தில் இருக்கும் என்று அறிவியல் ஆசிரியர் சொல்ல வேண்டிய வேலையை அவன் பாதி முடித்துவிட்டான். பெரியாறு தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, லோயர் கேம்ப்பில் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் வைகை அணைக்கு வருகிறது, அணையிலும் சின்னதாக ஒரு மின் நிலையம் இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னபோது வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "கரண்ட எடுத்துட்டா தண்ணியில சத்து போயிராதா சார்?" என்று ஒரு கேள்வி வந்தது. விவசாய வீட்டுப் பிள்ளை. ஆசிரியர் சிரிக்காமல் பதில் சொன்னார்: தண்ணீர் உயரத்தைத்தான் இழக்கிறது, வேறொன்றையும் இழக்கவில்லை.

காலாண்டுத் தேர்வுக்கு முன் களப்பணியாளர் ஒரே ஒரு கேள்வியை எல்லோரிடமும் கேட்டார்: ஒரு யூனிட் என்றால் என்ன? புதுப்பிக்கத்தக்க ஆற்றல், புதுப்பிக்க இயலாத ஆற்றல் என்று வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்த வகுப்பு இதில் நின்றுவிட்டது. "ஒரு நாள் ஓடுற கரண்டு", "அஞ்சு ரூபா", "ஈ.பி. ஆபீஸ்ல குடுக்குறது" என்று பதில்கள் வந்தன. ஒரு மாணவி மட்டும், "மீட்டர்ல சிவப்பு லைட் ஒருவாட்டி மின்னுனா ஒரு யூனிட்" என்றாள். தவறான பதில்தான், ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். ஆனால் வகுப்பிலேயே மீட்டரை உற்றுப் பார்த்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

வீட்டுத் தாள்

அதே நேரத்தில், 2022 செப்டம்பர் 10 முதல் தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர்ந்தது. ஊரில் எங்கே பார்த்தாலும் கரண்டு பில் பேச்சு. இதையே பாடத்துக்குப் பயன்படுத்தலாம் என்று நிறுவனம் நினைத்தது. ஒரு பக்கத் தாள் அச்சடித்து ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்தார்கள். வீட்டில் எத்தனை பல்பு, எத்தனை ஃபேன், கடைசி இரண்டு மாத ரீடிங் எவ்வளவு, கட்டிய தொகை எவ்வளவு என்று நிரப்பிக்கொண்டு வர வேண்டும். ஆற்றல் கல்வி நடத்துகிற பல அமைப்புகள் இப்படி ஒரு தாளை வைத்திருக்கின்றன. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்த தாள்கள் பாதிக்கும் குறைவு. வந்தவற்றில் தெரிந்தவை:

குடிசைகளுக்கான இலவச மின் இணைப்பு உள்ள வீடுகளில் மீட்டரே இல்லை. அந்தப் பிள்ளைகள் ரீடிங் கட்டத்தில் சுழியம் போட்டிருந்தார்கள், அல்லது பக்கத்து வீட்டு எண்ணை எழுதியிருந்தார்கள். ஒருவன் தாளையே கொண்டுவரவில்லை. கேட்டதற்கு மழையில் நனைந்துவிட்டது என்றான். மழை பெய்யவில்லை.

கிணறு உள்ள வீட்டுப் பிள்ளைகள் மோட்டாரை எழுதலாமா என்று கேட்டார்கள். விவசாய மின்சாரம் இலவசம், அதற்குப் பெரும்பாலும் மீட்டர் கிடையாது. 5 குதிரைத் திறன் மோட்டார் என்றால் 3.7 கிலோவாட்டுக்கு மேல். ஒரு மணி நேரம் ஓடினால், ஒரு சாதாரண ஃபேன் 50 மணி நேரம் சுற்றுகிற மின்சாரம். கணக்கு அழகான கணக்கு. ஆனால் ஓர் அப்பா பள்ளிக்கே வந்து, "யாரு சொல்லி இதைக் கேக்குறாய்ங்க? எழுதிக் குடுத்தா நாளைக்கு மோட்டாருக்கு மீட்டர் மாட்டுவாய்ங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பம்புசெட்டுக்கு மீட்டர் என்ற பேச்சு எழும்போதெல்லாம் விவசாயிகள் எதிர்த்துவந்த மாநிலத்தில் அவர் அப்படிக் கேட்டது இயல்பு.

இன்னொரு வகைச் சந்தேகமும் இருந்தது. கொக்கி போட்ட வீடுகளைக் கண்டுபிடிக்கத்தான் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. இதைத் தலைமையாசிரியர்தான் நிறுவனத்துக்குச் சொன்னார்.

லைன் வீட்டுப் பிரச்சினை

பெரிய சிக்கல் லைன் வீட்டிலிருந்து வந்தது. அங்கே நான்கு வீடுகளுக்கு ஒரே ஈ.பி. இணைப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வகுப்பில் படித்த மாணவி, நமக்கு ஏன் இல்லை என்று வீட்டில் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. பிள்ளை தாளோடு நேரே வீட்டுக்காரரிடம் போய்விட்டது.

அன்று சாயங்காலம் சத்தம் தெரு வரை கேட்டது. மறுநாள் வீட்டுக்காரர் பள்ளிக்கு வந்தார். ஊரில் மதிப்புள்ளவர், பள்ளிக் காரியங்களுக்கு உதவுகிறவர். "புள்ளைய விட்டுக் கணக்குக் கேக்குறீகளா?" என்று தலைமையாசிரியரிடம் கேட்டார். அந்தக் குடும்பத்துக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் இரண்டு வாரம் இருந்தது. மாணவி சில நாள் பள்ளிக்கு வரவில்லை.

இதில் கணக்கு எப்படி என்பதை நிறுவனம் தனியாகப் போட்டுப் பார்த்தது. அன்றைய புதிய கட்டணப்படி ஒரு வீடு இரண்டு மாதத்தில் 150 யூனிட் எரித்தால், முதல் 100 இலவசம், மிச்சம் 50-க்கு 2.25 வீதம் 112 ரூபாய் 50 காசு. நான்கு வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் மொத்தம் 450 ரூபாய். அதே 600 யூனிட்டும் ஒரே இணைப்பில் போனால் கதை வேறு. 500 யூனிட்டைத் தாண்டியதும் 2.25 என்ற சலுகை விலை போய்விடுகிறது. 101 முதல் 400 வரை 4.50, அடுத்த 100-க்கு 6 ரூபாய், அதற்கடுத்த 100-க்கு 8 ரூபாய். மொத்தம் 2,750 ரூபாய். வீட்டுக்காரர் குடித்தனக்காரர்களிடம் வாங்குவது 4,800.

வீட்டுக்காரர் தரப்பிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. தண்ணீர் மோட்டாரும் மாடிப்படி விளக்கும் அதே இணைப்பில்தான் ஓடுகின்றன. ஆனால் 450-க்கும் 4,800-க்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை தலையில் ஏற்றி அனுப்ப முடியாது.

எடுத்த முடிவுகள்

தலைமையாசிரியர், அறிவியல் ஆசிரியர், களப்பணியாளர், நிறுவனத்தின் பொறுப்பாளர் நால்வரும் உட்கார்ந்து பேசினார்கள். திட்டத்தையே நிறுத்திவிடலாம் என்பது தலைமையாசிரியரின் முதல் எண்ணம். அறிவியல் ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. தாள்தான் தொந்தரவு, பாடம் தொந்தரவு இல்லை என்றார் அவர். கடைசியில் எடுத்த முடிவுகள் இவை.

வீட்டுத் தாள் அன்றோடு நின்றது. வந்த தாள்களை யாருக்கும் காட்டாமல் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். நிறுவனம் நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. ஒரு குடும்பத்தின் மின்கட்டண ரசீதில் அவர்கள் வருமானம், வாடகை, கடன், சில நேரம் சட்டச் சிக்கல் எல்லாம் அடங்கியிருக்கிறது. ரேஷன் கார்டை வகுப்பில் வாசிக்கச் சொல்ல மாட்டோம் அல்லவா?

பள்ளிக் கட்டடமே இனி ஆய்வுக்கூடம். அளப்பது எல்லாம் பள்ளி மீட்டரில்.

கட்டணப் படிகளைப் பற்றிய விளக்கம் பெரியவர்களுக்கு மட்டும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், எந்த வீட்டையும் குறிப்பிடாமல். வீட்டுக்காரருக்கும் அழைப்பு போனது. தனித்தனி இணைப்புக்கு விண்ணப்பித்தால் யாருக்கு என்ன லாபம் என்பதைப் பலகையில் எழுதிக் காட்டினார்கள். அதற்கு மேல் நிறுவனம் பேசவில்லை. இது போதாது என்று களப்பணியாளர் இன்றும் சொல்கிறார். எனக்கும் அவர் சொல்வதில் பாதி உடன்பாடு உண்டு. ஆனால் குடித்தனம் இருப்பவர் ஊரில் தொடர்ந்து வாழ வேண்டும், நிறுவனம் மாலையில் மதுரைக்கு பஸ் ஏறிவிடும்.

மீட்டர் முன்னால்

காலாண்டு விடுமுறை முடிந்து ஒரு சனிக்கிழமை, பள்ளி வராண்டாவிலுள்ள மீட்டரை வைத்து வகுப்பு நடந்தது. யாரும் மீட்டர் பெட்டியைத் தொடக் கூடாது, சுவிட்ச்சை ஆசிரியர் மட்டும்தான் போடுவார் என்பது முதல் விதி. உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் கூடவே நின்றார்.

மீட்டரின் முகப்பில் ஓர் எண் அச்சாகியிருக்கும். அந்தப் பள்ளி மீட்டரில் 3200. அந்தச் சிவப்பு விளக்கு 3,200 முறை மின்னினால்தான் ஒரு யூனிட். "ஒருவாட்டி மின்னுனா ஒரு யூனிட்" என்று சொன்ன மாணவியைத்தான் அந்த எண்ணை வாசிக்கச் சொன்னார்கள்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு 9 வாட் எல்.ஈ.டி. பல்பை மட்டும் போட்டு, எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை மின்னுகிறது என்று பார்ப்பதுதான் திட்டம். ஆனால் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது, பன்னிரண்டு வினாடிக்கு ஒரு முறை. ஆசிரியர் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்து வந்தார். ஃபேன் இல்லை, லைட் இல்லை, மோட்டார் இல்லை. பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கடைசியில் ஒரு பையன்தான் சொன்னான்: "ஹைடெக் லேப்ல யு.பி.எஸ். சத்தம் கேக்குது சார்." கணினி ஆசிரியரை அழைத்து அதன் மெயின் சுவிட்ச்சை அணைத்ததும் மீட்டர் நின்றது.

கணக்கைக் கரும்பலகையில் போட்டார்கள். 12 வினாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 300. ஒரு நாளைக்கு 7,200. அதாவது 2.25 யூனிட். இரண்டு மாதத்துக்கு 135 யூனிட். யாரும் கணினியைத் தொடாமலே, ஒரு வீட்டுக்கு அப்போது கிடைத்த இலவச 100 யூனிட்டை விட அதிகமாகப் போகிறது.

அப்புறம்தான் பல்பு. 9 வாட்டுக்கு ஒரு மின்னலிலிருந்து அடுத்ததற்கு இரண்டு நிமிடம் ஐந்து வினாடி ஆக வேண்டும். நாற்பது பேருக்குச் சற்றுக் குறைவான வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. யாரோ ஒருவர் கண்சிமிட்டியதில் மின்னலைத் தவறவிட்டு, இன்னொரு இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 75 வாட் ஃபேனுக்குப் பதினைந்து வினாடி. அடுத்து 750 வாட் அயர்ன் பாக்ஸைச் செருகினார்கள். ஒன்றரை வினாடிக்கு ஒன்று. எண்ணுகிறவர்களுக்கு வாய் ஓடவில்லை. திடீரென்று மின்னுவது நின்றது. "கரண்டு போயிருச்சு!" என்று கத்தினார்கள். கரண்டு போகவில்லை, அயர்ன் பாக்ஸ் சூடேறி, உள்ளே வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டித்திருந்தது. சிறிது நேரத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தது. இதைத் திட்டத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மிக அதிகமாகக் கேள்வி வந்தது இதைப் பற்றித்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பள்ளி முழுவதையும் அணைப்பது சரிப்பட்டு வராது என்பதால், எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு மரப்பலகையில் தனி மீட்டர், ஃபியூஸ், ஒரு ப்ளக் பாயிண்ட் பொருத்தி வாங்கினார்கள். பெட்டியில் வந்த சோலார் விசிறிக்கு ஆன செலவைவிட இதற்குக் குறைவு.

பின்பு நடந்தவை

டிசம்பர் 14, தேசிய ஆற்றல் சேமிப்பு நாளன்று வழக்கமான ஓவியப் போட்டிக்குப் பதிலாக, பிள்ளைகள் பலகை மீட்டரை வைத்து மற்ற வகுப்புகளுக்குச் செய்து காட்டினார்கள். ஏழாம் வகுப்பு ஆசிரியை தன் வீட்டு மிக்சியைக் கொண்டுவந்தார். 2011-இல் தொடங்கிய விலையில்லாப் பொருள் திட்டத்தில் வந்த மிக்சி, இன்னும் ஓடுகிறது. அரைக்கும்போது மீட்டர் வேகமாக மின்னியதைப் பார்த்து எல்லோரும் பயந்தார்கள். ஆனால் மிக்சி ஓடுவது சில நிமிடம்தான், இரவு முழுவதும் சுற்றும் ஃபேன்தான் மொத்தத்தில் அதிகம் எடுக்கிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே விளக்கினார்கள். வாட் வேறு, நேரத்தால் பெருக்கிய யூனிட் வேறு என்பது அவர்களுக்குப் பிடிபட்டிருந்தது. ஆண்டு முடிவில் களப்பணியாளர் அதே பழைய கேள்வியைக் கேட்டபோது பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். சொல்லாத சிலர் அந்தச் சனிக்கிழமை வராதவர்கள்.

பள்ளியில் மாறியது ஒன்றே ஒன்று. மேல்நிலைத் தொட்டி நிறைந்து வழிவதைப் பார்த்து மோட்டாரை நிறுத்தச் சொல்ல, முறை போட்டு இரண்டு பேர். யு.பி.எஸ். விஷயத்தில் எதுவும் மாறவில்லை. அணைத்துப் போட்டால் பேட்டரி கெட்டுவிடும், நாங்கள் சொல்லாமல் தொடாதீர்கள் என்று பராமரிப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். கண்டுபிடித்ததெல்லாம் உடனே சரியாகிவிடாது என்று ஆசிரியர் சமாதானம் சொன்னார்.

லைன் வீட்டில் குடும்பம் தொடர்ந்து இருக்கிறது. மாணவி திரும்பி வந்தாள், அயர்ன் பாக்ஸுக்கு எண்ணியவர்களில் அவளும் ஒருத்தி. வீட்டுக்காரர் கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்பது நான் கடைசியாக விசாரித்தபோதும் 8 ரூபாயாகவே இருந்தது.

அறிக்கையில் எழுதாத எண்

நன்கொடையாளர் அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: இத்திட்டத்தால் சேமிக்கப்பட்ட யூனிட்டுகள். நிறுவனம் அதைக் காலியாக விட்டது. பள்ளி மீட்டர் ரீடிங்கை இரண்டு மாதத்துக்கொருமுறை ஒப்பிட்டால் கார்த்திகை குளிரும் பங்குனி வெயிலும்தான் தெரியும், பாடம் தெரியாது. விடுமுறை வரும், புதுக் கணினி வரும், அரையாண்டுத் தேர்வில் லேப் பூட்டியிருக்கும். வீடுகளில் சேமித்ததாக எழுத வேண்டுமென்றால் மறுபடி அந்தத் தாளைத்தான் நீட்ட வேண்டும். பிள்ளைகள் எதை அளக்கக் கற்றார்கள், எதை இன்னும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதை ஒரு பக்கம் எழுதி அனுப்பினார்கள். நன்கொடையாளர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அடுத்த ஆண்டு நிதி சற்றுக் குறைந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த பள்ளியில் மாறுபவை

முதல் வகுப்புக்கு முன்பே பெற்றோர் கூட்டம். நாங்கள் மின்வாரியத்து ஆட்கள் இல்லை, வீட்டுக் கணக்கு எதையும் கேட்க மாட்டோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது. சோலார் பெட்டிக்கு முன்னால் பலகை மீட்டர். ஒரு யூனிட் எவ்வளவு என்று தெரிந்த பிறகு தகடு தருகிற மின்சாரத்தைப் பார்த்தால், அது எவ்வளவு கொஞ்சம் என்பதும் தெரியும்.

மின்சாரம் மட்டும்தான் ஆற்றல் என்று பாடம் சாய்ந்துவிட்டது. இதைச் சுட்டிக்காட்டியதும் ஒரு மாணவிதான்: வீட்டில் கேஸ் இருந்தாலும் குளிக்கத் தண்ணீர் காயவைப்பது சீமைக்கருவேல விறகில், பொறுக்கி வருவது அவளும் அப்பத்தாவும். ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 4 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது, திறந்த அடுப்பில் அதில் பெரும்பகுதி வீணாகிறது. 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட். தராசும் வெப்பமானியும் இருந்தால் இதையும் பள்ளி வளாகத்திலேயே அளந்துவிடலாம். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டத் தலைமையாசிரியர்கள் அனுமதி தருவார்களா என்பதைப் பள்ளி பள்ளியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: இந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் 2023-இல் மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போய்விட்டார். பலகை மீட்டர் பள்ளியில்தான் இருக்கிறது, ஆனால் அதை வைத்து வகுப்பு எடுக்கத் தெரிந்தவர் இல்லாமல் சில மாதம் பீரோவில் கிடந்தது. இனி ஒரு பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்படும், அவர்களில் ஒருவர் கணக்கு ஆசிரியராக இருப்பார். பலகையோடு நான்கு பக்கத்தில் ஒரு வகுப்புக் குறிப்பும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறும்.